வாசகர் கேள்வி – பதில்: உலக வறுமையும் வன்னி இளையோரும்

வறுமைக்கு எதிரான போராட்டத்தில் இளையோர் என்ன செய்ய முடியும் என்பது குறித்து எழுதும்படி கடந்த இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் நிறையவே வந்தன. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எல்லாருடைய பெயரையும் தவிர்த்து, ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: உலக வறுமையை ஒழிப்பதில் இளையோரின் பங்கு என்ற தலைப்பில் எங்கள் பாடசாலையில் பேச்சுப் போட்டி நடந்தது. எங்கள் வகுப்பிலேயே காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். உலகத்தின் வறுமையை நாங்கள் ஒழிப்பதா, எங்கள் வறுமையை உலகம் ஒழிப்பதா? (உயர்தர மாணவி, விசுவமடு)

தங்கையே, இந்தக் கேள்வியையே உங்கள் பேச்சின் முதல் வரியாக வைத்திருந்தால் நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்பவை உண்மையில் இரண்டல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடும் வறுமைக்கென உலக வங்கி ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறது. 2025 ஜூன் மாதம் தொடக்கம் அது ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 3 டொலர். இது வங்கியில் கொடுத்து மாற்றும் டொலர் அல்ல, அந்தந்த நாட்டின் விலைவாசிக்கேற்பச் சீர்செய்யப்பட்டது. ஆகவே இன்றைய நாணய மாற்று விலையால் பெருக்கிப் பார்த்து, நம் ஊரில் எல்லாரும் ஏழைகள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இந்தக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 80 கோடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். இலங்கையின் வறுமைக்கோடு வேறு வகையில் கணிக்கப்படுகிறது. 2019 ஆம் ஆண்டின் குடித்தன வருமான, செலவின ஆய்வின்படி நாடு முழுவதிலும் 14.3 வீதமானோர் வறியவர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் அது 44.5 வீதம். நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அதுவே மிக உயர்ந்தது. அதுவும் 2022 இன் நெருக்கடிக்கு முன்னைய கணக்கு. நெருக்கடிக்குப் பின், 2024 இல் நாட்டின் வறுமை 24.5 வீதம் என்று உலக வங்கி வேறோர் அளவுகோலின்படி மதிப்பிட்டது. உங்கள் வகுப்பறையில் நீங்கள் காண்பது இந்த எண்களுக்குள் இருப்பதுதான்.

அடுத்தது காரணம். 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே இரவில் போலத் தடைசெய்யப்பட்டபோது இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர்களின் விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆபிரிக்காவில் சாம்பியா 2020 நவம்பரிலும், கானா 2022 டிசம்பரிலும் இதே நிலைக்கு வந்தன. விசுவமட்டில் காலைச் சாப்பாடு இல்லாமல் வகுப்புக்கு வரும் பிள்ளையையும் சாம்பியாவில் அப்படி வரும் பிள்ளையையும் ஒரே வகைக் கடன் பத்திரங்களும், ஒரே எண்ணெய் விலையும், ஒரே வட்டி வீதமும் தொடுகின்றன. அந்தப் பிள்ளைக்கு நியாயமான ஒரு கடன் விதி கிடைத்தால் அதே விதி உங்களுக்கும் பயன்படும். நீங்களும் உலகமும் சந்திக்கும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் பேச்சுப் போட்டிகளில் இது அநேகமாக வருவதில்லை. வறுமை குறையவே குறையாது என்பது பொய். 1990 இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். இன்று பத்தில் ஒருவர் அளவுதான். குறைந்ததில் பெரும்பங்கு சீனாவில் நிகழ்ந்தது. அங்கே நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் அந்தக் கோட்டைக் கடந்தார்கள். அது நன்கொடைப் பொதிகளால் நிகழவில்லை. விளைச்சலும், தொழிலும், பள்ளிக்கூடமும், வீதியும் சேர்ந்து செய்த வேலை அது. 2009 இல் போர் முடிந்த பின் உலர் உணவுப் பொருளுக்கும் கூரைத் தகரத்துக்கும் கைநீட்டிய தலைமுறையின் பிள்ளைகள் நீங்கள். அதற்காக ஒருவரும் கூசவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொதிகளை மட்டுமே கண்டு வளர்ந்ததால், வறுமையை ஒழிப்பதென்றால் யாரோ எதையோ கொண்டுவந்து தருவது என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை.

கேள்வி: ஒக்டோபர் 17 ஐ ஏன் வறுமை ஒழிப்பு நாளாகத் தெரிந்தெடுத்தார்கள்? (முள்ளியவளை)

1987 இல் அதே நாளில் பாரிஸ் நகரின் திரொக்கதேரோ சதுக்கத்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடினார்கள். 1948 இல் மனித உரிமைப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்ட இடம் அது. வறிய குடும்பத்தில் பிறந்து பாதிரியாரான ஜோசப் ரெசின்ஸ்கி என்பவரின் அழைப்பில் கூடியவர்கள், வறுமை ஒரு மனித உரிமை மீறல் என்று அங்கே ஒரு கல்லில் பொறித்தார்கள். 1992 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்த நாளை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: என் அம்மா மூன்று குழுக்களில் கடன் எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று என்று கட்டவேண்டும். வங்காளதேசத்தில் இந்த நுண்கடனால்தான் வறுமை ஒழிந்தது என்றும் அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்றும் படித்தேன். அங்கே வாழவைத்தது இங்கே ஏன் சாகடிக்கிறது? (மல்லாவி)

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. ஆகவே பதில் சற்று நீளும்.

நீங்கள் படித்த கதை பொய்யில்லை. பேராசிரியர் முகமது யூனுஸ் 1976 இல் சிட்டகொங் பல்கலைக்கழகத்துக்கு அருகேயுள்ள ஜோப்ரா என்ற கிராமத்தில், மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் முதலான 42 பேருக்குத் தன் கையிலிருந்து 27 டொலர் அளவான தொகையைக் கடனாகக் கொடுத்தார். அதிலிருந்து கிராமீன் வங்கி வளர்ந்தது. 2006 இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கடனால் வங்காளதேசத்தின் வறுமை ஒழிந்தது என்பது மிகை. 2015 இல் பொசுனியா, எதியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளியாகின. கடன் கிடைத்த ஊர்களையும் கிடைக்காத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிலர் தொழிலைச் சற்றுப் பெருக்கினார்களே தவிர, குடும்பங்களின் வருமானம் சராசரியில் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்பது தெரியவந்தது. நல்ல சந்தையும் கைத்தொழிலும் உள்ளவருக்குக் கடன் உதவும். உழைப்புக்கு வழியே இல்லாதவருக்கு அது இன்னொரு செலவு.

வன்னியில் நடந்தது இதைவிடவும் மோசமானது. போர் முடிந்து, சேமிப்பும் நகையும் போய், பல வீடுகளில் உழைக்கும் ஆணும் இல்லாமற்போன நேரத்தில், வங்கி கேட்கும் பிணையும் ஆவணமும் இல்லாத பெண்களைத் தேடி நிதிக் கம்பனிகள் வந்தன. அவை தொழிலுக்கென்று கொடுத்த பணம் மலசலகூடத்துக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போயிற்று. ஒரு வீட்டின் விறாந்தையில் குழுவைக் கூட்டி, வராதவரின் தவணையை மற்றவர்கள் சேர்த்துக் கட்டும் வரை ஒருவரையும் எழும்பவிடாமல் இருத்தி வைக்கும் முறையை உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். கிராமீன் வங்கியில் குழு என்பது ஒருவரையொருவர் தாங்குவதற்கு என்று சொல்லப்பட்டது. இங்கே அது அயலவரையே கடன் வசூலிப்பவராக மாற்றியது.

இப்போது அம்மாவின் கடனட்டையைக் கையில் எடுங்கள். உதாரணத்துக்கு, 50,000 ரூபாய் கடன், கிழமைக்கு 1,250 ரூபாய் வீதம் 52 கிழமை என்று அதில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 65,000. வட்டி 15,000, அதாவது வருடத்துக்கு 30 வீதம் என்று அலுவலர் சொல்வார். அது சரியென்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அந்த 50,000 ரூபாயும் வருடம் முழுவதும் அம்மாவின் கையில் இருக்கவில்லை. முதலாவது கிழமையிலிருந்தே கடனின் முதற்தொகை குறைந்துகொண்டு போகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான தொகையைத்தான் அவர் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் குறைந்த தொகைக்கே 15,000 வட்டி என்றால் உண்மையான வீதம் 50 ஐத் தாண்டிவிடும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று கடன் கொடுக்கும்போதே கழித்திருந்தால் இன்னும் கூடும். 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனுக்கு நிவாரணம் அறிவித்தபோது, வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் வைத்தது. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாலே பேசும் தொனி மாறும்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. மூன்று கடன்களையும் ஒரு கொப்பியில் பக்கத்துக்கொன்றாக எழுதுங்கள்: வாங்கிய நாள், கையில் கிடைத்த தொகை, கட்டியது, மிச்சம். கம்பனியிடம் எழுத்தில் கணக்கறிக்கை கேளுங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுப்பதை இந்த மாதத்தோடு நிறுத்தச் செய்யுங்கள். பொறி அங்கேதான் இருக்கிறது. மத்திய வங்கியில் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று உண்டு. அதன் மேற்பார்வையிலுள்ள நிறுவனமானால் அங்கே தமிழில் முறையிடலாம். உங்கள் பகுதியில் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அம்மாவை அதில் அங்கத்தவராக்குங்கள். அங்கே வட்டி போகும் இடம் அங்கத்தவர்களிடமே.

அம்மாவைக் குறைசொல்லவேண்டாம் என்று தனியாக எழுதவேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் அந்தத் தொனி இல்லை. ஆனால் ஒன்று: இந்தக் கணக்கைச் செய்யத் தெரிந்த வர்த்தகப் பிரிவு மாணவர்கள் உங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் ஒரு மேசை போட்டு, அட்டையோடு வரும் அம்மாமாருக்கு உண்மை வட்டியைப் போட்டுக் காட்டினால், வறுமைக்கு எதிராக வன்னி இளையோர் செய்யக்கூடிய வேலைகளில் அதற்கு மேலான ஒன்று எனக்கு உடனே தோன்றவில்லை.

கேள்வி: நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குறைந்த கூலிக்குத் தைத்த உடுப்புகளை வாங்கவேண்டாம் என்று வெளிநாடுகளில் இளைஞர்கள் பிரசாரம் செய்கிறார்களாம். அவர்கள் வாங்காவிட்டால் எனக்கு வேலை இருக்குமா? (கிளிநொச்சி)

உங்கள் பயம் சரியானது. வாங்காதே என்று மட்டும் சொல்லும் பிரசாரத்தால் முதலில் அடிபடுவது தைப்பவர்தான். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தபோது, அவர்களில் பலர் உங்கள் வயதுப் பெண்களாக இருந்தபோது, உருப்படியான மாற்றத்தைக் கொண்டுவந்தது புறக்கணிப்பு அல்ல. தொழிற்சங்கங்களும் வாங்கும் கம்பனிகளும் கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டதுதான் அதைச் செய்தது. வாங்கும் நாட்டு மாணவர்களும் இளைஞர்களும் கடை வாசலில் நின்று கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கையெழுத்தில் பங்கிருந்தது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைமாரிடம், வாங்கு அல்லது வாங்காதே என்பதை விட்டு, எந்தத் தொழிற்சாலையில் என்ன கூலிக்குத் தைத்தது என்று கேள் என்று சொல்லுங்கள்.

இங்கே நீங்கள் கேட்கவேண்டியது கூலி. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. உங்கள் சம்பளத் துண்டில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வருகைக் கொடுப்பனவும் மேலதிக நேரமும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இரண்டையும் கூட்டி எல்லையைத் தொடச் செய்வது பழைய வித்தை.

கேள்வி: கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நாள்முழுதும் கீழே குனிந்திருக்கும் பிள்ளைகளா வறுமையை ஒழிக்கப் போகிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நெடுங்கேணி)

ஐயா, நீங்கள் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் அவர்கள். அரசாங்க உதவிப்பணத்துக்கான விண்ணப்பத்தை உங்கள் அயலில் எத்தனை வயோதிபர்களுக்கு அந்தத் தொலைபேசியிலேயே நிரப்பிக் கொடுத்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் இலண்டனில் பிறந்தவன். அப்பாவின் ஊர் புதுக்குடியிருப்பு. பிறந்தநாளுக்குச் செலவழிக்கும் பணத்தை ஊரில் பிள்ளைகளுக்குக் கொப்பி, பை என்று கொடுக்கிறோம். அது உண்மையில் உதவுகிறதா? அல்லது ஆபிரிக்காவுக்குக் கொடுப்பது கூடுதல் பயனா? (இலண்டன்)

கொப்பியும் பையும் தை மாதத்தில் உதவும். ஆனி மாதத்தில் கொப்பி முடிந்துவிடும்; தகப்பனுக்கு வேலை இல்லாத நிலை முடியாது. இது உங்கள் மனத்தை நோகடிக்க எழுதியதல்ல. கொடுப்பவர்கள் எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

எது வேலை செய்கிறது என்பது பற்றி இன்று நிறையத் தெரியும். வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் 2002 இல், மிக மிக வறிய குடும்பங்களுக்கென ஒரு முறையைத் தொடங்கியது. மாடோ ஆடோ போன்ற உழைக்கும் சொத்து ஒன்றை முதலில் கொடுப்பது, அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்கு ஒரு சிறு தொகை, பராமரிப்புக்குப் பயிற்சி, சேமிப்புக் கணக்கு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்ப்பது. இதே முறையை எதியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்னும் ஆறு நாடுகளில் 10,000 க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் சொத்தும் வருமானமும் மற்றவர்களைவிடக் கூடியே இருந்தன. அந்த ஆய்வாளர்களில் இருவரான அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுஃப்லோவுக்கும் 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வன்னியில் வாழ்வாதார உதவி என்ற பெயரில் நாம் பார்ப்பதோடு இதை ஒப்பிடுங்கள். கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள், கூடு கொடுப்பதில்லை. கூடு கொடுத்தால் தீனி இல்லை. மூன்றாம் மாதம் நோய் வரும்போது தடுப்பூசி பற்றிச் சொல்ல ஆளில்லை. ஆனால் கொடுத்த அன்று, குஞ்சுப் பெட்டியைப் பிடித்தபடி நிற்கும் அக்காவின் படமும், அவரைச் சூழ நிற்கும் அன்பளிப்பாளர் பெயர் எழுதிய பதாகையும் முகநூலில் வந்துவிடுகின்றன. அந்தப் படத்தை அவருடைய மகள் தன் வகுப்புத் தோழியின் தொலைபேசியில் பார்க்கிறாள். கொடுப்பதைக் கணக்கில் காட்டப் பற்றுச்சீட்டு போதும், முகம் வேண்டாம். இதில் நான் சற்றுக் கடுமையாகவே இருக்கிறேன், இருக்கவும் விரும்புகிறேன். ஆகவே உங்கள் குடும்பம் ஆண்டுதோறும் நூறு பைகள் கொடுப்பதைவிட, ஊரிலுள்ள நம்பகமான சங்கம் ஒன்றினூடாக மூன்று குடும்பங்களை இரண்டு ஆண்டுகளுக்குப் பொறுப்பெடுப்பது நல்லது.

ஆபிரிக்காவா, ஊரா என்ற கேள்விக்கு: பணத்தை எங்கே கொடுத்தாலும் குற்றமில்லை, ஒரு பவுண் அங்கே கூடுதல் தூரம் போகக்கூடும். ஆனால் உங்களிடம் பணத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நீங்கள் பிரித்தானிய வாக்காளர். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை வறிய நாடுகளுக்கு உதவியாகக் கொடுக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970 இல் தீர்மானித்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற மிகச் சில நாடுகளே அதைத் தொடர்ந்து பேணியிருக்கின்றன. உங்கள் நாடு 2021 இல் அதை 0.5 ஆகக் குறைத்தது. 2027 அளவில் 0.3 ஆக்கப்போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. உங்கள் பிறந்தநாள் செலவு எத்தனை ஆண்டு சேர்ந்தாலும் இந்த வெட்டுகளின் ஓரத்தைக்கூட நிரப்பாது.

கடன் விடயம் இன்னும் நேரடியானது. வறிய நாடுகள் தனியார் முதலீட்டாளர்களுக்கு விற்ற கடன் பத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் அல்லது நியூயோர்க் மாநிலச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. இலங்கையின் பத்திரங்கள் நியூயோர்க் சட்டத்துக்கு உட்பட்டவை. 1998 மே மாதத்தில், பணக்கார நாடுகளின் தலைவர்கள் பர்மிங்ஹாமில் கூடியபோது, ஏறத்தாழ 70,000 பேர் நகரைச் சுற்றிக் கைகோத்து நின்று வறிய நாடுகளின் கடனை நீக்கக் கோரினார்கள். அவர்களில் பலர் தேவாலயங்களிலிருந்து வந்தவர்கள். அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகப் பல நாடுகளின் கடன்கள் பின்னர் நீக்கப்பட்டன. 2010 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது. கடன் நிவாரணத் திட்டத்தில் சேர்ந்த நாடுகளிடம், ஒத்துக்கொண்டதைவிடக் கூடுதலாக அறவிட எவரும் பிரித்தானிய நீதிமன்றங்களைப் பயன்படுத்த முடியாது என்பதே அதன் சாரம். இன்று நெருக்கடியிலுள்ள நாடுகளுக்கும் அப்படிப்பட்ட பாதுகாப்பை விரிக்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கே இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் அப்பாவின் ஊரில் மண்ணெண்ணெய் வரிசை எத்தனை மணி நேரம் நீண்டது என்பதையும் எழுதுங்கள். அந்த வரிசைபற்றி அவருக்கு வேறொருவர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: நாங்கள் இளைஞர் கழகம் ஒன்றைப் பதிந்திருக்கிறோம். வறுமை ஒழிப்புத் திட்டம் எழுதினால் வெளிநாட்டு நிதி எடுக்கலாம் என்கிறார்கள். எப்படி எழுதுவது? (மாங்குளம்)

திட்டம் எழுதுவதை விட்டு ஊரைப் பார்ப்பதிலிருந்து தொடங்கினால் நல்லது. 1958 இல் ஏ. ரி. ஆரியரத்தின என்ற இளம் ஆசிரியர் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச்சென்று, மக்களோடு சேர்ந்து உடலுழைப்புச் செய்தபோது, அவர்களிடம் நிதித் திட்டம் எதுவும் இருக்கவில்லை. சர்வோதய இயக்கம் அந்த முகாமிலிருந்துதான் வளர்ந்தது. நிதி பின்னால் வந்தது, பெருமளவில் வந்தது. வந்தபின் ஏற்பட்ட சிக்கல்கள் வேறு கதை.

வெளிநாட்டு நிதி இன்று சுருங்கிக்கொண்டிருக்கிறது, அதை மேலே எழுதிவிட்டேன். உங்கள் ஊருக்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கோ செலவே இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் அரச அலுவலகங்களிடம் தகவல் கேட்கலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை, தமிழில் கேட்கலாம், கேட்டதற்கு 14 வேலைநாட்களுக்குள் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்று அவர்கள் சொல்லவேண்டும். உங்கள் கிராம அலுவலர் பிரிவுக்குச் சென்ற ஆண்டு வீதிக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தம் யாருக்கு, வேலை முடிந்ததா என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வறிய குடும்பங்களுக்கான அரசின் உதவிப்பணமான அஸ்வெசும கொடுப்பனவுப் பட்டியலில் விடுபட்டவர்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியதாலும், முகவரி மாறியதாலும், மேன்முறையீட்டுக்குத் திகதி தெரியாததாலும் தவறியவர்கள் அதில் நிச்சயம் இருப்பார்கள். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய் கிடைக்கவேண்டிய திட்டம் அது. பத்துக் குடும்பங்களை நீங்கள் பட்டியலில் சேர்ப்பித்தால் ஆண்டுக்கு 21 இலட்சம் ரூபாய் ஊருக்குள் வரும். எந்த நிறுவனமும் ஒரு புதிய இளைஞர் கழகத்துக்கு முதல் ஆண்டிலேயே அவ்வளவு தராது.

இவற்றைச் செய்யும்போது கழகத்தின் கூட்டக் குறிப்பையும் வரவு செலவையும் ஒழுங்காக எழுதி, மாதம் ஒருமுறை பொது இடத்தில் ஒட்டுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் இருவர் இருவராகப் போயிருங்கள். பேசவிடாவிட்டால் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுங்கள். இரண்டு போகம் கழித்தும் திட்டம் எழுதும் எண்ணம் இருந்தால் அந்தக் குறிப்பேடுகளோடு மறுபடி எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதை அப்போது சொல்கிறேன்.